நெல்லு எங்கட ஊரில, அரிசி விலை மட்டும் ஏன் வேற எங்கயோ?

உப்புவெளி அக்கா | ஞாயிறு, காலை 10.40

வணக்கம். இப்பதான் திருகோணமலை மத்திய சந்தையால வந்தன். 5000 ரூபாய்த் தாளை மாத்தினா பை அரைவாசியும் நிரம்புதில்ல. அதை நான் சொல்லித்தான் தெரியவேணும் எண்டில்ல, எல்லா வீட்டிலயும் இதே கதைதான். எனக்கு விளங்காதது ரெண்டு விஷயம்.

ரேடியோவில பணவீக்கம் இறங்கிட்டுது, ஒற்றை இலக்கத்தில நிக்குது எண்டு சொல்றாங்க. கடையில ஒண்டும் இறங்கினதா எனக்குத் தெரியேல்ல. ஆர் பொய் சொல்றது?

மற்றது அரிசி. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், சேருவில, அல்லைத் திட்டம் எண்டு எங்களைச் சுத்திவர வயல். ஆனா நான் வாங்கின நாட்டரிசிப் பையில பொலன்னறுவை ஆலையின்ர பேர். கொழும்புக்காரன் குடுக்கிற அதே விலையைத்தான் வயல்கரையில இருக்கிற நானும் குடுக்கிறன். இது எப்பிடி?

கட்சிச் சண்டை பிடிக்கிறவை தயவுசெய்து வேற இழைக்குப் போங்க.

---

கட்டைபறிச்சான் சேர் | ஞாயிறு, முற்பகல் 11.15

அக்கா, முதல் கேள்விக்கு: ஒருவரும் பொய் சொல்லவில்லை. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். வேகம் குறைந்தால் விலை குறைந்தது என்று ஆகாது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுச் சாமான் அடுத்த வருடம் ஏறத்தாழ 195 ரூபாய். அதற்குப் பிறகு பணவீக்கம் பூச்சியமாகவே நின்றாலும் அந்த 195 அப்படியேதான் இருக்கும். 2024 செப்டெம்பரில் மொத்தப் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் 0.5க்குப் போனது. மின்கட்டணமும் எரிபொருளும் இறங்கியது அதில் பெரும் பங்கு. 195 ஆன கறிச்சாமான் 100க்குத் திரும்பவில்லை, திரும்பப் போவதும் இல்லை.

நாம் கேட்க வேண்டியது வேறு: எங்கள் சம்பளம் 195 ஆனதா? கூலிக்குப் போகிறவருக்கு ஓரளவு ஏறியிருக்கும். மாதச் சம்பளக்காரர், ஓய்வூதியக்காரர் தங்கள் பழைய சிட்டையை எடுத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று. கொழும்புச் சுட்டெண்ணைக் கணக்கிடும்போது வீட்டின் மொத்தச் செலவில் உணவுக்குக் கொடுக்கும் நிறை ஏறத்தாழ கால் பங்குதான். வருமானத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் வீட்டில் அந்த எண் சொல்வதைவிடச் சூடு கூடத்தான் தெரியும்.

---

ஸ்காபரோ குளிர் | ஞாயிறு, மதியம் 12.02

இங்க கனடாவிலயும் சாமான் விலை கண்டபடி ஏறிட்டுது. இது உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினை. ஊரில கொஞ்சம் வீட்டுத்தோட்டம் செய்தா எல்லாம் சரிவரும்.

---

பெரியகடைப் பொடியன் | ஞாயிறு, மதியம் 12.20

ஸ்காபரோ அண்ணை, கத்தரிக்காயை முற்றத்தில வைக்கலாம். பருப்பை எங்க வைக்கிறது?

சேர் சொன்னது சரி. ஆனா விலை ஏறினா முதல் ஏச்சு வாங்கிறது கடைக்காரன். சில்லறைக் கடையில என்ன நடக்குது எண்டு நானும் சொல்லவேணும்.

2024 டிசம்பரில அரிசிக்கு உச்ச விலை போட்டாங்க. நாட்டரிசி மொத்த விலை 225, சில்லறை 230. இடையில 5 ரூபாய். அந்த 5 ரூபாய்க்குள்ள லொறிக்கூலி, இறக்குகூலி, சாக்குக் கழிவு, பொலித்தீன் பை, கடை வாடகை, கரண்ட். அதுவும் 225க்குத் தந்தாத்தானே! கனபேருக்கு அந்த விலைக்குச் சரக்கே வரேல்ல. பில்லில ஒரு விலை, கையில ஒரு விலை எண்டு கதை. 230க்கு மேல வித்தா எனக்குத் தண்டம், அதுக்குள்ள வித்தா நட்டம். அப்ப என்ன செய்வம்? நாட்டரிசி வைக்கிறதையே நிப்பாட்டினம். ஆக்கள் வேற வழியில்லாமக் கூடின விலைச் சம்பாவுக்குப் போனாங்க. விலை கட்டுப்பட்டுது, அரிசிதான் இல்ல.

முட்டைக்கும் இதுதான். 2023 தொடக்கத்தில வெள்ளை 44, சிவப்பு 46 எண்டு வர்த்தமானியில அரசாங்க விலை வந்திச்சு. முட்டை எங்கயோ ஒளிஞ்சிட்டுது, பிறகு இந்தியாவில இருந்து கொண்டுவர வேண்டி வந்திச்சு.

வரியைக் குறைச்சாச் சனத்துக்குப் போய்ச் சேரும் எண்டு சொல்றவை 2020 ஒக்டோபர் சீனிக் கதையை மறந்திட்டாங்க. கிலோவுக்கு 50 ரூபாயா இருந்த வரியை 25 சதமாக் குறைச்சாங்க. இந்த ரோட்டில ஆராவது 50 ரூபாய் குறைஞ்ச சீனியைக் கண்டனீங்களா?

---

தம்பலகாமத்து வயல் | ஞாயிறு, இரவு 7.55

அக்கான்ர ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றன். நீட்டா வரும், பொறுத்து வாசியுங்க.

பெரும்போகம் (மாரி மழையோட செய்யிற பெரிய வெள்ளாமை) விதைக்கிற நேரம் கையில காசு இருக்காது. உழவு, விதைநெல், களைநாசினி, உரம் எல்லாம் கடன். வங்கியில எடுத்தவை கொஞ்சப் பேர். நகையை ஈடு வைச்சவை கனபேர். மிச்சம் எல்லாரும் நெல் வாங்கிற முதலாளிட்ட முற்காசு. அந்த முற்காசுக்கு வட்டி எண்டு அவர் வாயால சொல்லமாட்டார். வெட்டினதும் நெல்லு எனக்குத்தான் எண்டு மட்டும் சொல்வார். வட்டி விலைக்குள்ள இருக்கு.

தை முடிவில, மாசியில வெட்டு மெசின் வயலுக்குள்ள இறங்கும். முந்தி கையால வெட்டி, சூடு வைச்சு, பிறகு அடிக்கிற காலத்தில நெல்லு நல்லாக் காஞ்சிருக்கும். இப்ப மெசின் ஒரு பக்கத்தால வெட்ட மற்றப் பக்கத்தால ஈரநெல்லு கொட்டுது. ஒரே கிழமையில எல்லாற்ற வயலும் வெட்டுப்படும். மழை மேகம் வேற நிக்கும். காயப்போடக் களம் இல்ல, ரோட்டில பரப்பினா வாகனக்காரன் ஏசுறான். அரசாங்கத்தின்ர நெல் சந்தைப்படுத்தல் சபை ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் எடுக்கும். எங்கட நெல்லு அப்ப 20 கிட்ட நிக்கும். லொறியோட வயல்வரம்பில நிக்கிற முதலாளி ஈரத்தோட எடுப்பார், காசு கையில தருவார், கடனைக் கழிச்சுப்போட்டு. நாங்க ஆருக்குக் குடுப்பம்?

2025இல அரசாங்கம் நெல்லு வாங்கிற விலையை, கிலோ நாட்டுநெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 எண்டு அறிவிச்சது மாசியில. அப்ப கிழக்கில வெட்டுத் தொடங்கிட்டுது. அதுக்கு முதல் மார்கழியில அரிசி இறக்குமதிக்கு அனுமதி குடுத்தாங்க, 20ஆம் திகதிவரை எண்டு சொல்லிப் பிறகு தை 10 வரை நீட்டினாங்க. அரிசி தட்டுப்பாடு வந்தது ஐப்பசி கார்த்திகையில. கப்பல் வந்தது எங்கட வெட்டுக்குக் கொஞ்சம் முதல். தட்டுப்பாட்டுக்கும் உதவேல்ல, எங்கட விலைக்கும் அடி.

அக்கா, உங்கட நாட்டரிசிப் பையில இருக்கிறது என்ர நெல்லாவும் இருக்கலாம். மாசியில பொலன்னறுவைக்குப் போய், அவிஞ்சு, குத்துப்பட்டு, களஞ்சியத்தில கிடந்து, ஐப்பசியில விலை ஏறினாப்பிறகு உங்கட கடைக்கு வந்திருக்கும். எங்கட மாவட்டத்தில நெல்லுக்குக் குறை இல்ல. மாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில அதை வைச்சிருக்க எங்களிட்டப் பலம் இல்ல, அவ்வளவுதான்.

---

கட்டைபறிச்சான் சேர் | ஞாயிறு, இரவு 9.10

வயல் தம்பியின் கதையைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 1.55 கிலோ நெல் வேண்டும். 120 ரூபாய் நெல் என்றால் அரிசியில் நெல்லின் செலவு மட்டும் 186. மொத்த உச்ச விலை 225. இடையில் 39 ரூபாய்: அவித்தல், குற்றுதல், சாக்கு, லொறி, களஞ்சியம், வங்கி வட்டி, இலாபம். தவிட்டுக் காசு தனி.

ஈரநெல்லை 100 ரூபாய்க்கு எடுத்தால்? ஈரம் 20இலிருந்து 14க்கு இறங்கும்போது 100 கிலோ 93 கிலோ ஆகும். எனவே காய்ந்த நெல் கிலோ ஏறத்தாழ 107.50, அரிசிக்கு 167. இடைவெளி 58 ஆகிறது. 39க்கும் 58க்கும் உள்ள வித்தியாசம் ஆலையின் திறமையால் வந்ததல்ல. ஒரு காயவைக்கும் களமும் ஒரு மாதச் செலவுக்காசும் இல்லாததால் விவசாயி விட்டுக்கொடுத்தது.

---

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 9.45

பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஆலை உரிமையாளர்களை மாபியா என்று அழைக்கலாமா என்ற விவாதத்தைத் தேர்தல் இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கிண்ணியா நானா | திங்கள், காலை 6.10

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மரக்கறி லொறி ஓட்டுறவன், தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போற ஆள்.

மரக்கறியில மாசி, ஐப்பசிக் கதை இல்ல. அது இரவு விடிஞ்சாப் பழுதாகிற சரக்கு. கரட், லீக்ஸ், கோவா நுவரெலியாவால வரவேணும், அது சரி. ஆனா எங்கட பக்கத்துப் பூசணியும் வெண்டியும் சிலவேளை தம்புள்ளைக்குப் போய், அங்க விலை பேசுப்பட்டு, திரும்ப ஹபரணை தாண்டி திருமலைக்கே வரும். ஏன் எண்டு கேட்டா, அங்கதான் நாலு மாவட்டத்து வாங்குறவனும் ஒரே இடத்தில நிக்கிறான். இங்க விடிய ஒரு லொறி வெண்டி இறக்கினா ஆர் எடுப்பா? ரெண்டு மூண்டு பேர், அவங்களும் ஒண்டுக்க ஒண்டு. ஏமாத்து எண்டு சொல்லேலாது, சின்ன ஊரின்ர பிரச்சினை அது.

நட்டம் வருறது சாக்கில. தக்காளியைக்கூடச் சாக்கில அடுக்கி மேல மனுசன் ஏறி இருந்து வாறான். இறக்கேக்க கனக்கக் கழிவு. கழிஞ்சதின்ர விலையும் நல்லதின்ர விலையிலதான் ஏறும். 2011 கடைசியில பிளாஸ்டிக் கூடை கட்டாயம் எண்டு சட்டம் வந்தப்ப தம்புள்ளையில பெரிய எதிர்ப்பு. எங்கட ஆக்களும் எதிர்த்தவைதான். கூடையில ஏத்தினா லொறியில கொள்ளுற நிறை குறையும், வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவர ஆர் கூலி தருவா? கழிவின்ர நட்டம் பாவிக்கிறவனுக்கு, கூடையின்ர செலவு எனக்கு. அப்ப நான் ஏன் மாறுவன்? அந்தச் செலவை ஆர் எடுக்கிறது எண்டு பேசாமச் சட்டம் போட்டா இப்பிடித்தான் முடியும்.

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு வந்த விலையைப் பத்திக் கதைக்கத் தேவையில்ல. மலைநாட்டில தோட்டம் போயிற்று, ரோட்டும் போயிற்று. அதுக்கு வர்த்தமானி மருந்தில்ல.

---

திருக்கடலூர் வள்ளம் | திங்கள், மாலை 4.30

மீனைப் பத்தி ஒருத்தரும் கதைக்கேல்ல.

2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் ஒரே இரவில 87 ரூபாயில இருந்து 340. எங்கட பைபர் வள்ளத்து எஞ்சின் குடிக்கிறது மண்ணெண்ணெய்தான். கொஞ்ச நாள் வள்ளம் கரையிலதான் கிடந்தது. பிறகு இறங்கிச்சு, ஆனா 87க்குத் திரும்பேல்ல. சைனாபே பக்கம் வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி நிக்குது, அதைப் பாத்துக்கொண்டே கானோட வரிசையில நிண்ட ஊர் இது.

வாடைக்காற்றுக் காலத்தில, ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும், கடல் கொந்தளிப்பு. மீன் குறைவு, விலை கூட. சோளகக் காத்துக் காலத்தில மீன் படும், ஆனா நல்ல மீன் கூலர் லொறியில கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தைக்குப் போயிடும். அங்கத்தைய விலையைப் போனில கேட்டுத்தான் கரையில ஏலம் கூறுறது. ஊருக்கு மிஞ்சுறது சூரையும் சாளையும். வயல் அண்ணைக்கு நெல் முதலாளி, எங்களுக்கு வலைக்கும் எஞ்சினுக்கும் காசு தந்த முதலாளி. கதை ஒண்டுதான்.

---

உவர்மலைப் பெரியவர் | திங்கள், இரவு 8.00

பிள்ளைகள் எல்லாரும் இன்றையதைச் சொல்கிறீர்கள். 1953இல் கூப்பன் அரிசி (அரசாங்கம் பங்கீட்டில் மலிவாகக் கொடுத்தது) கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாகியபோது ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, பிரதமரே பதவி விலகினார். அன்றிலிருந்து எந்த அரசாங்கத்துக்கும் அரிசி விலை என்றால் வயிற்றில் புளி கரைக்கும். எழுபதுகளில் பல இறக்குமதிகளை நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் போட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள், பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக விடாமல் சந்திக்குச் சந்தி சோதனை. ஒரு பக்கத்தில் மலிவு, மறு பக்கத்தில் பட்டினி.

ஆனாலும் கூப்பன் இருந்தபடியால் ஏழையின் அடுப்பு எரிந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பது என் கருத்து.

---

கட்டைபறிச்சான் சேர் | திங்கள், இரவு 8.50

ஐயா, பங்கீட்டை எடுத்துவிட்டு 1979இல் உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையின் பெறுமதியை ரூபாயில் நிலையாக வைத்தார்கள். விலை ஏற ஏற அதே முத்திரைக்குக் கிடைத்த அரிசி சில வருடங்களிலேயே பாதியளவாகச் சுருங்கிவிட்டது. வறிய குடும்பங்களுக்கென்று 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்கும் இந்த ஆபத்து உண்டு. தொகையை விலையோடு சேர்த்து ஏற்றாவிட்டால் உதவி தானாகக் கரையும். எல்லாருக்கும் மலிவு அரிசி கொடுக்கத் திறைசேரியில் காசு இல்லை. இல்லாத காசை அச்சடித்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் பார்த்துவிட்டோமே.

2022இல் எங்களை விழுத்தியது வெறும் பதுக்கல் அல்ல. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள், நவம்பரில் கைவிட்டாலும் அந்தப் பெரும்போகம் தப்பவில்லை. 2022 மார்ச்சில் டொலரின் விலையைக் கட்டிவைத்த கயிறு அறுந்து 203 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360 ரூபாய் ஆனது. பருப்பு, சீனி, பால்மா, கோதுமை எல்லாம் டொலரில் வருபவை. எங்கள் குடாவிலேயே 1980இலிருந்து பெரிய மாவாலை ஓடுகிறது. கோதுமை கப்பலில் வருவதால், அதன் புகைபோக்கி தெரியும் வீட்டிலும் பாண் விலை டொலரோடு ஏறியது.

அதனால்தான் மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8இல் வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வட்டி உயர்ந்தால் கத்தரிக்காய் காய்க்காது என்று கேலி செய்தார்கள். உண்மைதான், காய்க்காது. ஆனால் ரூபாயின் சரிவு நின்றது. 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்காகக் காசு அச்சடிப்பதைத் தடுக்கிறது. பணவீக்க இலக்கு 5 சதவீதம்.

---

பெரியகடைப் பொடியன் | திங்கள், இரவு 9.20

சேர், அந்த வட்டி எங்களை என்ன செய்தது எண்டும் சொல்லுங்க. 2022 கடைசியில வங்கி வட்டி 25 சதவீதத்தையும் தாண்டிச்சு. முந்தி மூண்டு மாதச் சரக்கு எடுத்து வைப்பம். பிறகு கிழமைக்குக் கிழமை எடுத்தம். சின்ன ஆலை, சின்ன மொத்தக்கடை எல்லாம் களஞ்சியத்தைக் காலியாக்கிட்டுது. சொந்தக் காசு வைச்சிருந்த பெரிய ஆள் மட்டும் சரக்கை வைச்சிருக்கக்கூடியதா இருந்திச்சு. விலையைத் தீர்மானிக்கிறவை நாலு பேராச் சுருங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

---

கட்டைபறிச்சான் சேர் | திங்கள், இரவு 9.50

மறுக்கமாட்டேன். நாடு முழுவதற்கும் ஒரே மருந்து கொடுத்தால் மெலிந்தவனுக்குத்தான் முதலில் மயக்கம் வரும். நெல்லைப் பிணை வைத்துக் கடன் எடுக்கும் வழி இருக்கவேண்டும். இந்தியாவில் 2007இல் அதற்கென்றே சட்டம் செய்தார்கள்: பதிவுபெற்ற களஞ்சியத்தில் நெல்லை வைத்தால் பற்றுச்சீட்டு, அதைக் காட்டி வங்கிக் கடன், விலை ஏறும்போது விற்றுக் கடனைக் கட்டலாம். விவசாயி மாசியில் விற்கத் தேவையில்லை.

---

தம்பலகாமத்து வயல் | செவ்வாய், காலை 5.45

சேர், கேக்க நல்லாத்தான் இருக்கு. நெல்லு எனக்குச் சொந்தமா இருந்தாத்தானே களஞ்சியத்தில வைக்கலாம்? விதைக்கேக்கயே அது முதலாளிக்கு எழுதுப்பட்டிட்டுது. முதல் விதைப்புக் கடனைச் சரிப்படுத்துங்க, பிறகு பற்றுச்சீட்டைக் கதைப்பம். களஞ்சியத்துக்கு முதல் களம் வேணும். ஊருக்கு ஒரு சீமெந்துக் களம், ஒரு காயவைக்கிற மெசின், ஈரம் பாக்கிற கருவி. முதலாளி சொல்ற ஈரம் எப்பவும் ரெண்டு மூண்டு கூடத்தான் இருக்கும்.

---

உப்புவெளி அக்கா | செவ்வாய், இரவு 8.15

எல்லாற்றயும் வாசிச்சன். நன்றி. டொலரை என்னால ஒண்டும் செய்யேலாது. எங்கட ஒழுங்கையில கொஞ்சக் குடும்பம் சீட்டுப் பிடிக்கிறம். அந்தச் சீட்டுக் காசில மாசியில நேரா நெல்லு வாங்கி, காயவைச்சு, சின்ன மில்லில அவிச்சுக் குத்தி எடுத்தா என்ன எண்டு யோசிக்கிறம். தம்பி வயல், நீங்க தருவீங்களா?

---

பெரியகடைப் பொடியன் | செவ்வாய், இரவு 8.31

அக்கா, எங்கட கடையையும் மூடுறதா முடிவோ? பகிடி. ஆனா ஒண்டு சொல்றன், ஒரு ஒழுங்கை வாங்கிறதால திருமலை விலை அசையாது. வண்டும் எலியும் வேற இருக்கு.

---

தம்பலகாமத்து வயல் | செவ்வாய், இரவு 9.05

தருவன் அக்கா. ஆனா முழு வயல் நெல்லும் ஏலாது, முதலாளிக்குக் குடுத்து மிஞ்சுறதுதான். சபை விலைக்கு ரெண்டு ரூபாய் கூடத் தாங்க, காய்ஞ்சு 14இல நிக்கிறதாத் தாறன். காசு அண்டைக்கே வேணும், சீட்டு விழுறவரைக்கும் பொறுக்கேலாது. சாக்கு நீங்க கொண்டு வாங்க. உரம் வந்த சாக்கு வேண்டாம், மணக்கும்.